தேவிப்ரியா விசில் ஊதுகிறாள்

கபடி ஆடிய காலத்தில் தேவிப்ரியாவை மடக்கிப் பிடித்தவர்கள் மணமேல்குடி பக்கம் குறைவு. தான் திருநங்கை என்று வீட்டில் சொன்ன பிறகு ஆண்கள் அணியும் சேர்க்கவில்லை, பெண்கள் அணியும் சேர்க்கவில்லை. ஆடத்தானே கூடாது, விசிலாவது ஊதுவோம் என்று விதிகளைப் படித்து நடுவரானாள்.

அதற்கும் வந்தது வினை. பஸ் ஸ்டாண்டில் நடந்த ஏதோ அடிதடியைப் படம்பிடித்த யூடியூப்காரன் ஒருவன், ஓரமாக டீ குடித்துக்கொண்டு நின்ற இவள் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'திருநங்கைகள் அட்டகாசம்' என்று தலைப்பு வைத்தான். அந்தப் புண்ணியவான் பிரபலமானான். இவளை எந்த ஊர்ப் போட்டிக்கும் யாரும் கூப்பிடவில்லை. அடித்தவன் யாரென்று ஒருவராவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

இலுப்பூர்ப் போட்டிக்கு வரவேண்டிய நடுவர் காய்ச்சலில் படுத்ததும், விழாக் குழு சார்லஸ் போன் செய்தார்.

"வாங்கம்மா. ஆனா அந்த வீடியோவ வச்சு எவனாச்சும் கலாட்டா பண்ணுனா ஒங்கள எறக்கிருவேன். கோவிச்சுக்காதீங்க."

இன்று நல்லபடியாக முடிந்தால் அடுத்த ஊர் கூப்பிடும். முடியாவிட்டால் விசிலைப் பரணில் போட வேண்டியதுதான். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குள் நுழைந்தாள். முன்வரிசையில் ராக்கன் வேறு உட்கார்ந்திருந்தார். அந்த வீடியோவை ஊரெல்லாம் அனுப்பிய மகராசர்.

இறுதி ஆட்டம். உள்ளூர்ப் பையன் ஜெரால்டு பாடிப்போய் இருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். திரும்பும்போது குதிகால் பக்கக் கோட்டுக்கு வெளியே பட்டுவிட்டது. காணாததுபோல் இருந்தால் கைதட்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பாழாய்ப்போன கண் பார்த்துத் தொலைத்துவிட்டதே! விசிலடித்துக் கையை உயர்த்தினாள்.

"அவுட்!"

கூட்டம் எழுந்தது. செல்போன்கள் உயர்ந்தன. சார்லஸ் மேடையை விட்டு இறங்கினார். ராக்கன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தார். இதோ வரப்போகிறது என்று தேவிப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஏம்மா அம்பயரு! ஒனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு? அந்த டீமுகிட்ட பிரியாணி தின்னுட்டு வந்தியா?"

"கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா!" என்றது இன்னொரு குரல்.

அவள் காத்திருந்தாள். வேறொன்றும் வரவில்லை. உள்ளூர் ஆளுக்கு அவுட் கொடுக்கிற எல்லா நடுவருக்கும் விழுகிற அதே வசவுதான். அப்பாடா என்றிருந்தது. இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்த மூச்சு முழுசாக வெளியே வந்தது. சிரிப்பை அடக்கத்தான் பாடுபட்டாள்.

சார்லஸ் ஓடிவந்தார். "கண்டபடி வையிறாங்களேம்மா. நிறுத்திருவமா?"

"எதுக்குங்க?" என்றாள் அவள். "அம்பயரைத்தானே வையிறாங்க."