இழப்புக்கு ஒரு நடுவர்

வாசகரே, நீங்களே சாட்சி. பாரிஸின் லா சப்பல் மெத்ரோ நிலையப் படிகளில் இறங்கி ரூ பெர்தொனே தெருவுக்குள் நுழைந்திருக்கும் எவரும் அந்தச் சுவரைப் பார்த்திருப்பார். நடன அரங்கேற்றம், கோயில் தேர், மலிவு விலை விமானச் சீட்டு, யாரோ ஒருவரின் முப்பத்தோராம் நாள் நினைவு என எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டும் சுவர். ஒரு காலை, வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த நான் அங்கே என் முகத்தையே கண்டு நின்றேன். மேலே கொட்டை எழுத்தில், ‘இழப்பில் பெரியது பாலஸ்தீனருடையதா, எம்மவருடையதா? மாபெரும் பட்டிமன்றம்.’ என் படத்துக்குக் கீழே, ‘எம்மவருடையதே!’ ஒரு மனிதன் தன்னுடைய கருத்து இன்னதென்று சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நகரமாக இது எப்போது மாறியது?

அந்தச் சுவரொட்டியின் கர்த்தா சிவராசா அண்ணை. அதே தெருவில் நகைக்கடை வைத்திருப்பவர். பாரிஸில் நடக்கும் தமிழ் விழாக்களில் பாதிக்கு அமைப்பாளர். எல்லாப் பட்டிமன்றங்களுக்கும் நடுவர். நேரே கடைக்குள் போனேன்.

“அண்ணை, ஆரைக் கேட்டு இதை ஒட்டினனீங்கள்?”

“ஏன் தம்பி கொதிக்கிறீர்? நீர்தானே பாலஸ்தீனம் போய்ப் பாத்ததைச் சொல்லோணும் எண்டு நிண்டனீர்.”

“சொல்லத்தான் கேட்டனான். சண்டை பிடிக்கக் கேக்கேல்லை.”

“சும்மா சொன்னா ஆர் வருவினம்? பட்டிமன்றம் எண்டால் மண்டபம் நிறையும். அபிஷ் அடிச்சுச் சுவரிலை ஒட்டியாச்சு, கார்ஜில மண்டபமும் எடுத்தாச்சு. பாரும், உமக்கு வெல்லுற பக்கமாத்தான் தந்திருக்கிறன்!”

வெல்லுகிற பக்கம். என் கோபம் அந்தச் சொல்லில்தான் மூண்டது. என் அச்சமும் அதில்தான். பத்து வயதிலிருந்து மேடையில் வளர்ந்தவன் நான். எந்த அணியைத் தந்தாலும் வென்று காட்டுவேன் என்பது எனக்கிருக்கும் செருக்கு. அந்தத் தலைப்பிலும் வென்றுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். வென்றால், ஒரு பெண்மணி என்னிடம் நம்பி ஒப்படைத்த ஒன்றை அவருக்கெதிராகவே வீசியவன் ஆவேன்.

அவரைச் சந்தித்தது 2018 கோடையில். பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தபின் என் முதல் பயணம். ஒரு பிரெஞ்சு நண்பர் குழுவோடு பெத்லகேமுக்கு அருகேயுள்ள அகதி முகாமுக்குப் போனேன். முகாம் என்றதும் கூடாரங்களை எண்ணிக்கொண்டு போன எனக்கு, பிள்ளைகள் பெருகப் பெருக மேலே மேலே கட்டிய சீமெந்து மாடிகளும், ஒருவர் ஒதுங்கினால்தான் இன்னொருவர் போகக்கூடிய ஒழுங்கைகளுமே கிடைத்தன. வழியிலிருந்த சோதனைச் சாவடியில் ஓர் இளஞ்சிப்பாய் என் கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிறந்த இடமான கிளிநொச்சியை எழுத்தெழுத்தாக வாசித்து, “இது பிரான்ஸின் எந்தப் பகுதி?” என்று கேட்டான். அதற்கு உண்மையான விடை சொல்ல ஒரு மணிநேரம் வேண்டும். “தூரத்தில்” என்றேன்.

எங்களுக்கு விருந்தளித்தவர் உம்மு சாமிர் என்ற பெண்மணி. பிரெஞ்சு படித்த அவருடைய மகள் ரீம் மொழிபெயர்த்தாள். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நான் எழுந்து, எங்கள் மக்களும் உங்கள் மக்களும் ஒரே நெருப்பில் வெந்தவர்கள் என்று தொடங்கி, வன்னியையும் கடலோரத்தையும் முள்வேலி முகாம்களையும் அடுக்கி, நல்லதொரு சொற்பொழிவே ஆற்றிவிட்டேன். ரீம் அதை அரபியில் ஒரே வரியில் சொல்லி முடித்தாள். உம்மு சாமிர் தலையசைத்துவிட்டு ஏதோ சொன்னார். “அம்மா சாப்பிடச் சொல்கிறார். ஆறிவிடுமாம்” என்றாள் ரீம்.

உணவுக்குப் பின் அவர் தையல் துணியொன்றை விரித்தார். கறுப்புத் துணியில் சிவப்பு நூலால் குறுக்குத் தையல். ஒரு காலத்தில் பெண்ணின் சட்டையைப் பார்த்தே அவள் எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்களாம். முகாமில் ஊர்கள் கலந்தன, கோலங்களும் கலந்தன. நூற்கண்டின் தாளைக் காட்டினார். அதில் பிரெஞ்சு எழுத்துகள். “உன் நாட்டு நூல்” என்றார். “என் நாடு அதுவல்ல” என்று நான் மறுக்க, ரீம் மொழிபெயர்க்க, அவர் என் கடவுச்சீட்டைப் பற்றிக் கேட்க, நான் மறுபடி விளக்க, கடைசியில் அவர் சலித்துப்போய், “சரி, உன் நாடில்லாத நாட்டின் நூல்” என்று முடித்துவைத்தார்.

அவருடைய குடும்பத்தின் ஊர் பைத் இதாப். 1948இல் வெறுமையாக்கப்பட்ட மலைக்கிராமம். உம்மு சாமிர் முகாமில் பிறந்தவர், அங்கே வாழ்ந்ததில்லை. அந்தப் பெயரை என்னைச் சொல்லச் சொன்னார். ழகரத்துக்குப் பரிசு வாங்கிய என் நாக்கு, ‘இ’ ஒலியை அவர்களைப்போல் தொண்டைக்குள்ளிருந்து எழுப்ப முடியாமல் திண்டாடியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்து சிரித்தார்கள். ஒருவாறு தேறியபின் அவர் கேட்டது ஒன்றுதான். “வருகிறவர்கள் எல்லாரும் அழுதுவிட்டுப் போகிறார்கள். எனக்குத் தேநீர் போட்டே கை ஓய்ந்துவிட்டது. உனக்கு நல்ல குரல் இருக்கிறது. உன் ஆட்களிடம் இந்தப் பெயரைச் சொல். அங்கே கலியாணம் நடந்தது, ஒலிவ் பறித்தார்கள், சண்டை போட்டார்கள் என்று சொல். அது போதும்.” தலையாட்டினேன்.

ஓர் ஊரின் பெயர் வெளியே கேட்க வேண்டும் என்ற தவிப்பு எனக்குப் புதிதல்ல. 2009இல், பாரிஸுக்கு வந்த சில வாரங்களில், வீட்டார் வன்னிக்குள் அகப்பட்டிருக்க, பதாகையோடு தெருவில் நின்றேன். கடந்துபோன ஒரு பிரெஞ்சுப் பெண், “இது எந்த நாடு?” என்று அன்பாகக் கேட்டு, விடைக்குக் காத்திராமல் பேருந்தில் ஏறிவிட்டார்.

அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வேறு மேடை இல்லாததால், ஞாயிறு பின்னேரம் போனேன். பாரிஸின் புறநகரான கார்ஜில் மண்டபம் நிறைந்திருந்தது. எதிரணியினர் பாலஸ்தீனரின் துயரைத் துல்லியமாக, கைதட்டல் வாங்கும் இடங்களில் நிறுத்தி நிறுத்தி வாதிட்டார்கள். அவர்களும் தராசில்தான் ஏற்றினார்கள். என் முறை வந்தது. “நடுவர் அவர்களே, நான் எந்த அணியிலும் இல்லை” என்றேன். பைத் இதாப்பின் பெயரைச் சொன்னேன். அங்கே நடந்த கலியாணங்களைச் சொன்னேன். பிறகு கிளிநொச்சியை அடுத்த என் ஊரான முரசுமோட்டையைச் சொன்னேன். வாய்க்கால் தண்ணீருக்காக என் தகப்பனார் அயலவரோடு போட்ட சண்டையைச் சொன்னேன்.

“தம்பி, பொயின்ற்றுக்கு வாரும்!” என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார்.

“பக்கம் மாறிட்டான் பாருங்கோ!” என்றார் இன்னொருவர். சிரிப்பு எழுந்தது. சிவராசா அண்ணை மணியை அடித்தார். நான் அமர்ந்தேன்.

தீர்ப்புச் சொல்லாமல் விடுவாரா? “எங்கடை பக்கத்துப் பேச்சாளர் இண்டைக்குக் கொஞ்சம் சோர்ந்து போனாலும், எங்கடை இழப்புத்தான் பெரிசு எண்டு தீர்ப்பளிக்கிறன்” என்றார். மண்டபம் அதிரக் கைதட்டியது. என்னிடம் கைகுலுக்க வந்த ஒருவர், “வெண்டிட்டம் தம்பி, அடுத்தமுறை நீரும் வடிவாப் பேசும்” என்றார்.

ரயில் மேடையில் நின்றுகொண்டு ரீமை அழைத்தேன். கைபேசி தாயின் கைக்குப் போனது. “பெயரைச் சொன்னாயா?” என்று அவர் கேட்பதை ரீம் பிரெஞ்சில் சொன்னாள். சொன்னேன் என்றேன். அதை ஒரு போட்டியாக்கிவிட்டார்கள் என்பதையும் மறைக்கவில்லை.

“யார் வென்றது?”

“நாங்கள்.”

“மப்ரூக்” என்றார். வாழ்த்துகள் என்று பொருள். கேலியா, களைப்பா என்று குரலிலிருந்து பிரிக்க முடியவில்லை.

அப்போது எனக்குள் எழுந்த ஆத்திரம் பிரெஞ்சில் வரவில்லை. ரயில் மேடையில் நின்றிருந்த பிரெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் தமிழில் உரத்துச் சொன்னேன். பின்பு அதையே பிரெஞ்சில் சொன்னேன். ரீம் அதை அரபிக்குக் கொண்டுபோனாள். இம்முறை அவள் ஒரு சொல்லையும் சுருக்கவில்லை என்றே நினைக்கிறேன்: “அம்மா, உங்கடை ஊரை இனி ஒரு ஊருக்கும் எதிரா நிப்பாட்ட மாட்டன். நிப்பாட்டச் சொல்லுற மேடை எதெண்டாலும், அதிலை நான் ஏற மாட்டன்.”