காவல்சாமிக் கல்லும் என் தம்பியின் அளவும்

இதை எழுத உட்காருவதும் எழுந்துவிடுவதும் எனக்குப் பல வருஷப் பழக்கம். பேனாவை எடுப்பேன், மாமாவின் பிள்ளைகள் படித்தால் மனசு சங்கடப்படுமே என்று மூடிவைத்துவிடுவேன். தம்பியைக் கேட்டால், "எழுதாதக்கா, என்னைப் பெருசா காட்டிப்புடுவே" என்பான். இப்போது மாமாவும் இல்லை, நாங்கள் குடியிருந்த அந்த லயத்து வீடுகளில் எங்கள் ஆட்களும் அதிகம் இல்லை. எங்கள் மாரியம்மாளைக் கும்பிட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன். ஆறாவதோடு கொழுந்து பறிக்கப் போனவளின் எழுத்து; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருந்த தேயிலைத் தோட்டத்தில்தான் நானும் தம்பியும் பிறந்தோம். லயத்துக்குக் கடைசியில் மாரியம்மன் கோயில். கோயிலைத் தாண்டிச் சரிவு முழுக்க ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், செவ்வந்தித் தோட்டம். நல்ல மனுஷன். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மாளுக்கு ஒரு கூடைப் பூ அனுப்பிவிடுவார்.

கோயில் வாசலில் முழங்கால் உயரத்தில் ஒரு கல். அதுதான் எங்கள் காவல்சாமி. மஞ்சளும் சந்தனமும் பூசிப் பூசி அதன் கல் நிறமே எங்களுக்குத் தெரியாது. மலைக்குப் போகும் பெண்களான நாங்கள் முதலில் கிள்ளிய கொழுந்தை மடியில் வைத்திருந்து, சாயங்காலம் திரும்பும்போது அதன் தலையில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். காய்ந்த கொழுந்தும் சந்தனமும் கலந்த அந்த வாசனை இப்போதும் எனக்கு மூக்கில் நிற்கிறது.

எழுபதுகளில் ஒரு திருவிழாவுக்குச் சமையல் கொட்டகையும் வாசல் வளைவும் புதிதாகக் கட்டினார்கள். இடம் போதாமல் வாசல் சரிவில் கொஞ்சம் கீழே இறங்கியது. காவல்சாமி வாசலில்தானே நிற்க வேண்டும்? பூசை போட்டு, உத்தரவு கேட்டு, கல்லைப் பெயர்த்துக் கீழே புது வாசலில் நட்டார்கள். யார் மனசிலும் கள்ளம் இல்லை. நான் கூடக் குலவை போட்டேன்.

அடுத்த சில வருஷத்தில் தவுக்கே சரிவில் பூக்கொட்டகை போட நினைத்தார். அதற்கு முன்னால் எல்லையை அளந்துவிடலாம் என்றார். கோயில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டத்து நிலத்தில்; அதனால் தோட்டத்து மேனேஜர் துரையும் சரி என்றார். இருவரும் சேர்ந்து ஈப்போ டவுனில் ஒரு சர்வேயர் ஆபீசுக்குச் சொல்ல, அங்கிருந்து வந்தவன் என் தம்பி. லயத்துப் பையன்களில் அவன் ஒருவன்தான் அந்தப் படிப்புப் படித்தவன். சந்தோஷத்தில் லயமே சிரித்தது. கோயில் தலைவரான எங்கள் தாய்மாமா, அவனுக்குப் போட மாலைக்குச் சொல்லிவிட்டார்.

அவன் வந்ததும் வீட்டுக்கு வரவில்லை. நேரே துரையிடமும் தவுக்கேயிடமும் போய், என் அக்கா இந்த லயத்தில் இருக்கிறாள், என் மாமா இந்தக் கோயில் தலைவர், வேண்டாமென்றால் வேறு ஆளை வையுங்கள் என்று சொல்லிவிட்டான். தவுக்கேதான் பதில் சொன்னாராம். இதை நானாகக் கேள்விப்பட்டிருந்தால் உன்னைத் திருப்பி அனுப்பியிருப்பேன், நீயே சொன்னதால் நீயே அள என்றாராம்.

பிறகுதான் என் வீட்டு வாசலுக்கு வந்தான். சவ்சவ் கூட்டும் நெத்திலிச் சம்பலும் செய்து வைத்திருந்தேன். உள்ளே வரவில்லை.

"அக்கா, வேலை முடியிற வரைக்கும் இங்க பச்சத்தண்ணி குடிக்கமாட்டேன். கோவிச்சுக்காத."

"நான் என்னடா லஞ்சமா குடுக்குறேன்? சோறுடா."

"எனக்குச் சோறுதான். தவுக்கே பாத்தா வேற மாதிரி தெரியும்லா."

அவர்கள் தொழிலில் சேரும்போதே சில ஒழுக்கங்களுக்குக் கட்டுப்படுகிறோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம். சொந்தம் இருந்தால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். எந்தப் பக்கமும் கைநீட்டக்கூடாது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவைத்தான் காட்ட வேண்டும். நின்றபடியே எனக்கு விளக்கினான். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. கூட்டு ஆறிக்கொண்டிருந்தது.

தானா ராத்தாவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் ஜீப்பில் வருவான். காலையில் பனிமூட்டம் விலகாமல் அவன் அளக்கிற மூன்றுகால் கருவி சும்மா நிற்கும். அம்மாள்தான் கண்ணை மறைக்கிறாள் என்று பெரியவர்கள் கேலி பேசுவார்கள். மத்தியானம் ரிங்லெட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியை ஜீப்பில் உட்கார்ந்து தின்பான். அது என் வீட்டு ஜன்னலுக்கு நேராகத் தெரியும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒருத்தி கேட்டாள், "உன் தம்பிக்கு நம்ம சோறு நாறுதாம்ல?" நான் கூடையைத் தூக்கித் தராசில் வைத்தேன்.

பழைய வரைபடத்தில் கோயில் பக்கம் ஒரு கவர்மெண்டு எல்லைக்கல் இருந்தது, தரையில் காணவில்லை. புதரெல்லாம் வெட்டித் தேடினார்கள். அந்த வெள்ளிக்கிழமை பூசைக்குத் தம்பியும் வந்தான். மாலை வேண்டாம் என்றுவிட்டு, திருநீறு மட்டும் வாங்கிப் பின்னால் நின்றான். பூசாரி காவல்சாமிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற, மஞ்சள் கரைந்து வழிந்தது. கல்லின் தலையில் குறுக்காக வெட்டிய கோடும் பக்கத்தில் எண்களும் தெரிந்தன. தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். கை கும்பிட்டபடி இருந்தது, கண் கல்லைவிட்டு அசையவில்லை.

மாமாவுக்குச் சந்தோஷம். காணாமல் போன கல் கிடைத்துவிட்டது, அது நிற்கும் இடம்தான் எல்லை, அப்படியானால் சமையல் கொட்டகையும் வளைவும் கோயிலுக்கே. தம்பி மற்ற கற்களிலிருந்து திரும்பவும் அளந்தான். கல் இடம் மாறியிருக்கிறது என்றான். கருவறையும் முற்றமும் நம் பக்கம்தான். கொட்டகையும் வளைவும் தவுக்கே நிலத்தில் இருக்கின்றன.

முற்றத்தில் எல்லோரும் இருக்க, மாமா அவனைக் கூப்பிட்டார்.

"மாப்ள, நட்டது நாங்கன்னு யாருக்குத் தெரியும்? நீ வாயத் தொறக்காட்டி கல்லா பேசப் போவுது?"

"சாமியா இருந்தா எங்க வெச்சாலும் கும்பிடலாம் மாமா. எல்லைக்கல்லுக்கு ஒரே எடந்தான்."

"உங்க ஆத்தா இந்த வாசல்ல மண்சோறு தின்னு பெத்த புள்ளடா நீ."

தம்பி குனிந்துகொண்டான். "அதனாலதான் மாமா இங்க நின்னு பொய் எழுத முடியல" என்றான். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

கல்லைப் பெயர்க்கும் அன்று பெண்கள் கடைசியாகப் பூசை போட்டு முடிக்கும்வரை தம்பி வேலையாட்களை நிறுத்திவைத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு அவனும் ஒரு கை பிடிக்க, கல்லை மேலே அதன் பழைய இடத்திலேயே நட்டார்கள். அதற்குப் பதில் காவல்சாமியாக ஆற்றுக்கல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். கொட்டகையையும் வளைவையும் பிரித்தபோது நானும் அழுதேன், பொய் சொல்லமாட்டேன்.

எல்லாம் முடிந்த சாயங்காலம் தம்பி வாசலில் வந்து நின்றான். "கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சுக்கா. சோறு இருக்கா?" பழைய சோறும் ரசமும்தான் இருந்தன. லயத்தில் கதவைச் சாத்தும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. நான் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தவில்லை. அவன் இரண்டாம் தரம் ரசம் கேட்டு வாங்கிக் குடித்தான். அதற்குப் பிறகு பல வருஷம் திருவிழாவுக்கு அவனை யாரும் அழைக்கவில்லை.

எண்பதுகளில் தவுக்கே நிலத்தை விற்றுவிட்டுப் போனார். வாங்கியவர் முற்றம் வரை தன்னுடையது என்று வக்கீலோடு வந்தார். அளந்தவன் இந்தக் கோயில்காரன், அந்த அளவு செல்லாது என்றும் சொன்னார்கள். ஆனால் அதை அவனே முதல்நாளே இரண்டு பக்கமும் சொல்லியிருந்தான். அவன் அளவில் இடம் இழந்ததும் கோயில்தான். வேறு ஊர் சர்வேயர் வந்து அளந்தார். கல் சரியான இடத்தில் நின்றது. வந்தவர்கள் போய்விட்டார்கள். அம்மாள் இடம் அம்மாளுக்கே நின்றது.

அன்று சாயங்காலம் மாமா என் அடுப்படி வரை வந்தார். வாழையிலையில் கோயில் பொங்கல். "ஒன் தம்பி வந்தா குடு" என்று வைத்துவிட்டு, உட்காரக்கூட இல்லை. தம்பி மறுநாள்தான் வந்தான். சூடு பண்ணிக் கொடுத்தேன்.

இப்போது இந்தக் கதையை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். தவுக்கேக்குக் கோயிலை விற்றவன் என்று ஒன்று. அம்மாள் கனவில் வந்து கல்லைக் காட்டினாள் என்று ஒன்று. இரண்டும் இல்லை. மாமா கெட்டவரும் இல்லை. கோயில்மேல் ஆசை வைத்த மனுஷர். என் தம்பி அளந்தான், அளந்ததைச் சொன்னான். உங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது யாரையும் உயர்த்த வேண்டாம், தாழ்த்த வேண்டாம். நான் வைத்த இடத்தில் வைத்தபடியே சொல்லுங்கள்.