ஐஸ் பெட்டியில் போன சீர்த்தட்டு

உமாமகேஸ்வரிக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். வாசலில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது? வைகாசி வெயில் மணலைப் பொரித்துக்கொண்டிருந்தது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. கோட்டுச்சேரிமேட்டு ஆண்கள் பூவரச நிழலில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, தைப்பதைவிட அதிகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுபடியும் உள்ளே வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். விளக்கு எரியவில்லை. மேல்தட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்த சாக்லேட் கிண்ணங்களில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். விரல் உள்ளே இறங்கியது.

“ஐயோ!”

“தொட்டுத் தொட்டே எல்லாத்தையும் குழியாக்கிடுவ போலருக்கே,” என்றான் ராஜா. அவள் புருஷன். விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். படகு கரையில் கிடப்பதால் காலையெல்லாம் உட்கார்ந்து அவளுக்கு வறுத்த கடலையைத் தோல் நீக்கிக் கொடுத்திருந்தான். “கரண்டு வந்துடும் உமா. செத்த உக்காரு.”

“நீங்க உக்காருங்க. உங்களுக்கென்ன? உங்க தம்பிக்கா இன்னைக்கு நிச்சயதார்த்தம்?”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ராஜா சிரித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான். இன்று நிச்சயதார்த்தம் உமாவின் தம்பிக்கு. அந்தத் தம்பிக்கு அக்கா ஒருத்தி இல்லாமல் போனதே அவனால்தான் என்பது இருவருக்கும் தெரிந்த கதை.

குரும்பகரத்தில் உமாவின் அப்பா தெட்சிணாமூர்த்தியின் வீடு, நெல்லும் உளுந்துமாக நிறைந்த வீடு. முட்டைகூட வாசற்படி தாண்டாத சைவக் குடும்பம். அந்த வீட்டுப் பெண் காரைக்காலில் கல்லூரிக்குப் போன இடத்தில், மீனவர் வீட்டுப் பையனைக் காதலித்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். சேதி கேட்ட அன்று தெட்சிணாமூர்த்தி கத்தவில்லை, அருவாளைத் தூக்கவில்லை. பம்புசெட்டுக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்து, இலை முன்னால் உட்கார்ந்து, “எனக்கு ஒரே பிள்ளைதான்” என்றார். அத்தோடு சரி. அவர் அடித்திருந்தால்கூட அந்தக் காயம் ஆறியிருக்கும். அந்த ஒரு வார்த்தை வருஷக்கணக்காக உமாவின் நெஞ்சில் முள்ளாக நின்றது. சித்திரையும் வந்தது, தையும் வந்தது; முள் மட்டும் நகரவில்லை.

கல்யாணமான புதிதில் ராஜா கடலுக்குப் போய்விட்டால் அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் வாசலுக்கு ஓடிவந்து கடலைப் பார்ப்பாள். கடற்கரையில் பிறந்த பெண்களுக்கு அந்தப் பயத்தோடு இருக்கத் தெரியும், இவளுக்குத் தெரியாது. கைக்கு ஏதாவது வேலை கொடுத்தால் தேவலை என்று, செல்போனில் பார்த்துப் பார்த்துச் சாக்லேட் செய்ய ஆரம்பித்தாள். சாக்லேட் பாளத்தைச் சீவி, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் எல்லாம் திரிந்து மணல் மணலாகிவிடும். முதல் மாதம் முழுக்க மணல்தான். பிறகு கை பழகியது. கடலையைப் பொன்னிறமாக வறுத்து, எண்ணெய் பிரியும்வரை மிக்சியில் அரைத்து, சர்க்கரைத் தூளும் சிட்டிகை உப்பும் சேர்த்து ஒரு விழுது. சின்னக் காகிதக் கிண்ணத்தின் அடியில் சாக்லேட், நடுவே அந்த விழுது, மேலே மறுபடியும் சாக்லேட். குளிரில் வைத்தால் இறுகி, கடித்ததும் உள்ளிருந்து கடலை வெண்ணெயாகக் கரையும். இப்போது காரைக்காலில் யார் வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள் என்றாலும் அவளுக்குப் போன் வருகிறது. ஊரில் அந்த வீட்டுக்கே ‘சாக்லேட்டு வீடு’ என்று பெயர் வந்துவிட்டது.

போன வாரம் வந்த போன்தான் அவளை இந்தப் பாடு படுத்தியது. பேசியது தம்பி அஷ்வின்.

“அக்கா, பூவத்துல பொண்ணு வீட்டுக்குத் தட்டு எடுத்துட்டுப் போறோம்ல, அதுல சாக்லேட் தட்டு ஒண்ணு வைக்கணும். நீதான் செஞ்சு எடுத்துட்டு வரணும்.”

“அப்பாகிட்ட சொன்னியாடா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“வேணாம்னு சொல்லலக்கா.”

அந்த ‘வேணாம்னு சொல்லல’ என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஒரு வாரமாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். அந்தத் தட்டு அப்பா வீட்டுக் கூடத்தில் மற்றத் தட்டுகளோடு உட்கார்ந்துவிட்டால், அவளும் அந்த வீட்டுப் பெண்ணாக உட்கார்ந்த மாதிரி. இன்றைக்குப் பார்த்துக் கரண்டு போயிருக்கிறது!

“ஏம்புள்ள, ஐஸ் பெட்டி இருக்குறப்ப எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?” என்று கேட்டபடி கொல்லையிலிருந்து வந்தாள் மாமியார் பெரியநாயகி. சந்தையில் மீன் விற்கிறவள். தடைக்காலத்தில் வியாபாரம் இல்லாததால் தன் ஐஸ் பெட்டியை பிளீச்சிங் பவுடரும் புளியும் போட்டுத் தேய்த்து, நாள்கணக்கில் வெயிலில் காய வைத்திருந்தாள். “ராஜா, வண்டிய எடுத்துட்டுப் போயி ஐஸ் வாங்கியா. இந்த வெயில்ல குரும்பகரம் போய்ச் சேரணும்னா பெட்டியில வச்சாத்தான் தாங்கும்.”

சரிதான். கரண்டே வந்தாலும் ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டா போக முடியும்?

“வாடை இருக்காதுல்ல அத்தை?”

பெரியநாயகி பெட்டிக்குள் தலையையே விட்டு முகர்ந்தாள். “புளி வாசந்தான் வருது.”

ராஜா முகர்ந்தான். “ஒண்ணுமில்ல. பளிச்சுனு இருக்கு.”

உமாவும் குனிந்து முகர்ந்தாள். ஒன்றுமே இல்லை. கீழே ஐஸைக் கொட்டி, மேலே பாலித்தீனை விரித்து, அதன்மேல் தட்டுத் தட்டாகக் கிண்ணங்களை அடுக்கினாள். கொஞ்ச நேரத்தில் சாக்லேட் கல்லாக இறுகியது. அவள் மனசுதான் இறுகுவேனா என்றது.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டவள், கோட்டுச்சேரி தாண்டுவதற்குள் மூடியை எத்தனை தரம் திறந்து பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

“குளிரு போயிடும், மூடு!” என்று ராஜா முன்னாலிருந்து அதட்டினான். “பெட்டியில பாம்பா இருக்கு, ஓடிப்போறதுக்கு?”

குரும்பகரம் வீட்டு வாசலில் வேன் நின்றது. ராஜா பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டான். “நீ போ உமா. நான் இங்கயே நிக்கிறேன். கூப்பிட்டா வரேன்.” பெட்டியிலிருந்து கசிந்த தண்ணீர் அவன் புதுச்சட்டையின் முதுகை நனைத்திருந்தது.

கூடத்தில் பூ, பழம், வெற்றிலை, மஞ்சள், குங்குமம், பட்டுப்புடவை என்று தட்டுகள் வரிசையாக இருந்தன. ஓரத்தில் ஒரு தட்டு மட்டும் காலி. அதைப் பார்த்ததும் உமா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். எனக்காக வைத்த இடம்! நிலைப்படிக்கு அருகே நாற்காலியில் அப்பா. நரைத்துப் போயிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளே தூணைப் பிடித்துக்கொண்டு அம்மா பங்கஜவல்லி வாயைப் பொத்தியபடி நின்றாள்.

“அக்கா வந்துட்டா! சித்தி, அந்தக் காலித் தட்ட எடுங்க,” என்று அஷ்வின் ஓடிவந்து பெட்டியை வாங்கி நடையில் வைத்தான்.

அம்மாவின் தங்கை, அந்தச் சித்திதான், மூடியைத் திறந்தாள். திறந்த வேகத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“என்னடி இது, இந்தக் கவிச்சி!”

“சாக்லேட்டு சித்தி…”

“சாக்லேட்டுன்னு கண்ணுக்குத் தெரியுது. மூக்குக்குத் தெரியலையே! மீன் வச்ச பெட்டியா? இதத் தூக்கிட்டுப் போயி சம்பந்தி வீட்டுல வச்சா நம்மள என்ன நினைப்பாங்க?”

அஷ்வின் குனிந்து பார்த்தான். அவன் முகம் சுருங்கியது. உடனே அதை மறைத்துச் சிரிக்கப் பார்த்தான். அந்தச் சிரிப்புதான் உமாவுக்கு உண்மையைச் சொன்னது. ஒரு கிண்ணத்தை எடுத்து மூக்கருகே வைத்தாள். சாக்லேட். வறுத்த கடலை. வேறு எதுவும் இல்லை. சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் தெரிவது அவளுக்கு மட்டும் தெரியவில்லை! வீட்டில் மூன்று மூக்குகளைக் கேட்டாளே தவிர, மூன்றுமே கடற்கரை மூக்குகள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. தன்னுடையதும் எப்போது அப்படி ஆயிற்று?

“அக்கா,” அஷ்வின் காதோரம் கிசுகிசுத்தான். “கடையில வாங்குனதுன்னு சொல்லிடு. பழி கடைக்காரன் மேல போயிடும்.”

சொல்லியிருக்கலாம். சுலபமான பொய். ஆனால் காதலை மறைத்த நாட்களைப் போல மறுபடியும் ஒரு பொய்யோடு இந்தப் படி ஏற அவளுக்கு மனம் வரவில்லை.

“கடையில வாங்கலப்பா,” என்றாள் நேராக அப்பாவைப் பார்த்து. “நான்தான் செஞ்சேன். எங்க வீட்டு ஐஸ் பெட்டியிலதான் கொண்டாந்தேன்.”

தெட்சிணாமூர்த்தி தலையைத் தூக்கினார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு மகளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்:

“உனக்கு வாடை தெரியலையா?”

“தெரியலப்பா.”

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் கோபம் இருந்திருந்தால் உமா தாங்கியிருப்பாள். தொலைந்துபோன பொருளை வேறொருவர் வீட்டில் கண்டுவிட்டவர் பார்க்கிற பார்வை அது.

“சரி. பெட்டிய வெளியில வச்சிட்டு, கையக் கழுவிட்டு உள்ள வா.”

உள்ளே வா! இதைக் கேட்கத்தானே அவள் ஏங்கிக் கிடந்தாள்? கால் தானாக ஓர் அடி எடுத்து வைத்தது. ஏனோ திரும்பிப் பார்த்தாள். தெருமுனையில், நனைந்த சட்டையோடு, கூப்பிடுவார்களா என்று வீட்டைப் பார்ப்பதும் பார்க்காததுபோல் தலையைத் திருப்பிக்கொள்வதுமாக ராஜா நின்றுகொண்டிருந்தான். எடுத்த கால் நின்றுவிட்டது.

“பெட்டி வெளியில இருந்தா நானும் வெளியிலதாம்ப்பா இருப்பேன்.”

“நல்ல நாளும் அதுவுமா பேசற பேச்சாடி இது?” என்று சித்தி மட்டும் முணுமுணுத்தாள். இனி இந்த வாசலுக்கு வரப்போவதில்லை என்று நினைத்தபோது உமாவுக்குக் கண் இருட்டியது. குனிந்து பெட்டியைத் தூக்கினாள்.

யாரோ அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கினார்கள். அம்மா! புருஷன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசியே அறியாத பங்கஜவல்லி, பெட்டியைத் தூக்கிப்போய் நடுக்கூடத்தில், பூத்தட்டுக்கும் பழத்தட்டுக்கும் பக்கத்தில் வைத்தாள். ஒரு கிண்ணத்தை எடுத்துக் காகிதத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை இறுக்கி மூடினாள். கஷ்டப்பட்டு விழுங்கினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அது வாடைக்கா, மகளுக்கா, அந்தத் தாய்க்குத்தான் வெளிச்சம்.

“கடலைய நல்லா வறுத்திருக்கா,” என்றாள். பிறகு குரலை உயர்த்தினாள். “தட்டு ஒண்ணு குறையுது. ரெட்டைப்படையா எடுத்துட்டா கிளம்புறது? ஏண்டி நிக்கிற? அந்தக் காலித் தட்டுல ஒரு சீப்பு வாழப்பழத்த வச்சு நீ தூக்கு.” புருஷன் பக்கம் திரும்பினாள். “வெயில்ல நிக்கிறவர நீங்க கூப்பிடுறீங்களா, நான் போய்க் கூப்பிடவா?”

தெட்சிணாமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்:

“நல்ல நேரம் முடியப் போவுது. ரெண்டு பேரையும் வண்டியில ஏறச் சொல்லு.”

பூவத்துச் சாலையில் வேன் குலுங்கிக்கொண்டு போனது. வாழைப்பழத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உமா நெளிந்தாள். புடவைத் தலைப்பை முகர்ந்தாள். உள்ளங்கையை முகர்ந்தாள். ஜன்னலோரம் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்த ராஜாவின் பக்கம் சாய்ந்தாள்.

“என்மேல வாடை அடிக்குதாங்க?”

“என்னைக் கேட்டா? எனக்கு எப்படித் தெரியும்?”

அப்போதுதான் பங்கஜவல்லி தன் கைப்பையைத் திறந்தாள். வேனே முகத்தைச் சுளித்தது. சித்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, அதையும் எடுத்துட்டு வந்துட்டியா!” என்று அலறினாள். பங்கஜவல்லி காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன்சீட்டில் இருந்த புருஷனின் தோளருகே ஒரு சாக்லேட் கிண்ணத்தை நீட்டினாள்.

“வேணாம்,” என்றார் அவர்.

நீட்டிய கை அப்படியே இருந்தது. வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கை அப்போதும் இருந்தது. உமா அப்பாவின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாப்பிள்ளை,” என்றார் தெட்சிணாமூர்த்தி, திரும்பாமலே. “அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் தள்ளி விடுங்க. உங்க அத்தை விடமாட்டா போலருக்கு.”

ராஜா பதறியடித்துக்கொண்டு கண்ணாடியைத் தள்ளினான். காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. முன்சீட்டிலிருந்து ஒரு கை, தோளுக்கு மேலாக, பின்பக்கம் விரிந்து நீண்டது.