கூடுவாயில் ஆணி அடிக்கக் கூடாது

டொக், டொக், டோங். கல்யாணமாகி உத்திரமேரூருக்கு வந்த முதல் ஐப்பசியில், அறை மூலையில் வைத்த பித்தளைத் தவலையில் மழை இப்படித்தான் சொட்டியது. குறில், குறில், நெடில். கல்லூரியில் தமிழ் படித்துவிட்டு வந்தவளுக்கு அது அசை பிரித்தே கேட்டது. என் கணவருக்குத் தொழிலே கூரை போடுவதுதான். "நம்ம வீடே ஏன் இப்படி ஒழுகுது?" என்று கேட்டதற்கு, "ஊர்க்காரங்க வூடெல்லாம் முடியட்டும்" என்றார். அவர் காலம் முடிந்தது; ஊர்க்காரர்கள் வீடு இன்னும் முடியவில்லை. அந்த வேலை என்னிடம் வந்து பதினைந்து வருஷமாகிறது.

கூரைத் தொழிலில் இருக்கிறவர்களை வெயில் காலத்தில் யாரும் நினைப்பதில்லை. முதல் மழையில்தான் தேடுவார்கள். தேடுவது பெரும்பாலும் ஒரே ஒரு இடத்துக்காக. வீட்டை ஒரு பக்கம் திருப்பிக் கட்டினால், இரண்டு கூரைச் சரிவுகள் ஒரு மூலையில் சேர்ந்து பள்ளமாகும். அதைக் கூடுவாய் என்போம். இரண்டு பக்கத்துத் தண்ணீரும் அந்த வழியாகத்தான் இறங்க வேண்டும். அங்கே பலகைகளைச் சாய்வாக அறுத்து, இரண்டு பக்கமும் முனையோடு முனை பொருத்தி, மேலே தகடு விரித்து, அதற்கு மேல் ஓடு போட வேண்டும். தகட்டின் நடுக்கோட்டிலிருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள் ஆணி விழக்கூடாது. இவ்வளவுதான் விதி. இதை மீறியவர்கள் யார் யார் என்பது எனக்குத் தெரியும். இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் ஒரு மூலையில் வாளி இருக்குமானால், நாம் ஒரே ஜாதி.

கட்டில் குடியிருந்த வீடு

மாகறல் பக்கம் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் கூப்பிட்டு அனுப்பினார். நானும், மேஸ்திரி கன்னியப்பனும், எங்களிடம் சித்தாளாக இருந்த எஸ்தரும் போனோம். கன்னியப்பன் என் கணவர் காலத்திலிருந்து இருக்கிற தச்சர். நல்ல கை, கெட்ட வாய். எஸ்தருக்கு நாற்பது வயதிருக்கும். பகலில் எங்களோடு பலகை சுமப்பாள், சாயங்காலம் வீட்டில் ரவிக்கை தைப்பாள்.

அந்த வீட்டில் கூடத்தின் நடுவில் ஒழுகியது. கன்னியப்பன் கூடத்துக்கு நேர் மேலே ஏறி ஓடுகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்தர் கீழே நின்று மரத்தில் ஓடியிருந்த கறையைக் கண்ணாலேயே பின்தொடர்ந்து நடந்தாள். கறை கூடத்தைத் தாண்டி, சமையலறைச் சுவரைத் தாண்டி, கூடுவாயில் போய் நின்றது. "மேஸ்திரி, இங்க பாரு. தண்ணி இங்க பூந்து அங்க எறங்குது" என்றாள்.

கூடுவாயின் நட்டநடுவில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு ஆணி. டிவி ஒயர் காற்றில் ஆடுகிறது என்று தபால்காரரே ஏறி அடித்தது. ஐந்து வருஷமாக, ஒழுகுகிற இடமெல்லாம் பார்த்துப் பார்த்துக் கட்டிலை நகர்த்தியிருக்கிறார். ஆணியைக் கையில் கொடுத்தபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேஜாரா பூட்சும்மா. இந்த வூட்ல கட்டுலுதான் குடியிருக்குது. நான் அது பின்னாடி ஓடிக்கினு கீறேன்."

ஒரே கைப் பலகைகள்

எங்கள் தொழிலில் மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்று உண்டு. கூடுவாயின் இடது பக்கப் பலகையும் வலது பக்கப் பலகையும் செருப்பு மாதிரி. ஒன்றின் இடத்தில் மற்றொன்று போகாது. பலகையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். ஒரு பக்கம்தான் இழைத்திருக்கும். திருப்பினால் சொரசொரப்பான பக்கம் வீட்டுக்குள் தெரியும்.

கன்னியப்பன் ஒருநாள் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வேலைக்கு வந்திருந்தார். முதல் பலகையை அளந்து அறுத்தார். அதையே மாதிரியாக வைத்து முப்பது பலகை அறுத்துத் தள்ளினார். இடது பக்கம் அழகாக முடிந்தது. வலது பக்கத்துக்கு வந்து முதல் பலகையை வைத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மிச்சமிருந்த பதினைந்தும் இடது பக்கத்துக்கானவை.

"ஏய் எஸ்தரு, ஒனக்கு இது தெரியுமா?"

"மூணாவது பலகையிலயே தெரியும்."

"தெரிஞ்சிக்கினேதான் ஒண்ணு ஒண்ணா எடுத்துக் குடுத்தியா?"

"நீதான வாய மூடிக்கினு குடுன்ன? மூடிக்கினு குடுத்தேன்."

நான் சிரித்துவிட்டேன். கன்னியப்பனுக்கும் அடக்க முடியவில்லை. புதுப் பலகை வந்ததும் எஸ்தர் இரண்டு பலகைகளை எடுத்தாள். இழைத்த முகமும் இழைத்த முகமும் ஒட்டும்படி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேல் பலகையில் கோடு போட்டு, இரண்டையும் சேர்த்தே அறுத்தாள். பிரித்து வைத்தால் ஒன்று இடது, ஒன்று வலது. இதை எங்கே கற்றாய் என்று கேட்டேன்.

"ரவிக்கைக்குக் கை வெட்டச்சொல்ல துணிய மடிச்சிதாம்மா வெட்டுவோம். இல்லன்னா ரெண்டும் ஒரே கைக்குப் பூடும். இதுக்கு எதுக்கு மேஸ்திரி வேலை?"

நாலாவது படி

அன்றிலிருந்து சாய்வெட்டு எல்லாம் எஸ்தர் கைக்குப் போனது. ஆனால் தரையில்தான். அறுத்ததை மேலே கொடுப்பாள், கன்னியப்பன் பொருத்துவார். அரைவிரற்கடை இடைவெளி வந்தால் அவர் மேலிருந்து கத்துவார், இவள் கீழிருந்து கத்துவாள். "நான் அறுத்தத நானே வச்சி பாத்தாத்தாம்மா தெரியும். என்னிய மேல வுடுங்க" என்று இரண்டு மழைக்காலம் என்னிடம் கேட்டாள். பார்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் இத்தனை வருஷத்தில் ஏணியில் நாலாவது படிக்கு மேல் ஏறியதில்லை. நான் போகாத இடத்துக்கு அவள் போக வேண்டாம் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்திருக்கலாம். இப்போது யோசித்தால் அப்படித்தான் தெரிகிறது.

சென்னைக்காரர் ஒருவர் ஏரிக்கரை ஓரமாக நிலம் வாங்கிப் பண்ணை வீடு கட்டினார். சரிவுக் கூரை, நாலு கூடுவாய். அங்கே கன்னியப்பனுக்குச் சில நாள் முழங்கால் பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் எஸ்தரை ஏறச் சொன்னேன். சேலைக்கு மேல் புருஷனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, இடுப்பில் துண்டை இறுக்கிக்கொண்டு ஏறினாள். கன்னியப்பன் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, "பாத்து, பாத்து. வுழுந்தா பலகை ஒடஞ்சிடும்" என்றார். அவள் முதல் ஜோடியை வைத்தாள். நடுவில் தாள்கூட நுழையாது. கன்னியப்பன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு டீ கேட்டார். அவருக்குத் திருப்தி என்றால் அதுதான் அடையாளம்.

சாயங்காலம் இறங்கி வந்தவள் கை கழுவிக்கொண்டே என்னைக் கேட்டாள். "அம்மா, என்னிய யாருன்னு யாராச்சும் கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

"எங்க ஆள்னு சொல்லுவேன்."

"அது செரி. சித்தாளா, தச்சரா?"

வீட்டுக்காரர் அந்தப் பக்கமாக வந்தார். நான் அவரைப் பார்த்து வணக்கம் சொல்லப் போய்விட்டேன். அவர் கூரையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அது எஸ்தர் செய்த வேலை என்று அறியாமல், கன்னியப்பனிடம் சொன்னார்.

"பிரமாதம் மேஸ்திரி! உங்க கையே தனி!"

பூஜை அறைக்கு மேலே

இதை எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

பத்து ஏக்கர் நெல் வைத்திருக்கிற ஒருவர் தன் பழைய ஓட்டு வீட்டுக்குப் புதுக் கூரை போடச் சொன்னார். நல்ல மனிதர். போன அன்றே மோர் கொடுத்து, என் படிப்பைப் பற்றிக் கேட்டு, என்னைத் தன் மனைவிக்கு அறிமுகம் செய்துவைத்தார். அந்த வீட்டின் கூடுவாய் சரியாகப் பூஜை அறைக்கு மேலே இருந்தது. எஸ்தர் முந்தின நாளே தரையில் எல்லாப் பலகையையும் ஜோடி ஜோடியாக அறுத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் சாக்கட்டியால் எண் போட்டு வைத்திருந்தாள். காலையில் ஏறி ஆறு ஜோடி பொருத்திவிட்டாள்.

வயலிலிருந்து வந்தவர் வாசலில் நின்றே மேலே பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பொம்பள எந்த ஊரு?" என்றார். சொன்னேன். எந்தத் தெரு என்று கேட்டார். அதையும் சொன்னேன். "நான் ஒண்ணும் அந்த மாதிரி ஆளு இல்ல, உங்களுக்கே தெரியும். கீழ என்ன வேலை வேணா செய்யட்டும். சாமி ரூமு மேல நிக்க வேணாம். எங்க வீட்டுப் பொம்பளைங்க மனசு கஷ்டப்படும்."

அவர் மனைவி உள்ளே எஸ்தருக்கும் சேர்த்துத்தான் டீ போட்டுக்கொண்டிருந்தாள். மனசு கஷ்டப்பட்ட மாதிரி எனக்குத் தெரியவில்லை. அதை நான் சொல்லியிருக்கலாம். பிரித்த கூரை திறந்து கிடந்தது. தெற்கே மேகம் கறுத்திருந்தது. அவர் தம்பி வீட்டு வேலையும் எங்களுக்கே என்று சொல்லியிருந்தார். ஐந்து வருஷம் படித்த அறநூல்களில் ஒரு வரியும் அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை. ஏணியடியில் போய், "எஸ்தர், நீ இறங்கு. மீதியை மேஸ்திரி பாத்துக்கட்டும்" என்றேன்.

அவள் வாசலில் நின்றவரை ஒரு தரம் பார்த்தாள். அவ்வளவு போதுமாயிருந்தது. வாயில் கவ்வியிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். இறங்கினாள். கன்னியப்பன் கையை நீட்டினார். ரம்பத்தை அவரிடம் தராமல் என்னிடம் தந்தாள்.

"பாத்துப் புடிங்கம்மா. பல்லு கூரா கீது."

ஒரு சொட்டு

அந்த வாரமே மூன்று நாள் விடாமல் பெய்தது. பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் லீவு விட்டார்கள். மழை நின்றதும் நானும் கன்னியப்பனும் போய்ப் பார்த்தோம். எஸ்தர் வரவில்லை, தையல் வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தாள். வீட்டுக்காரர் எங்களைப் பூஜை அறைக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சாமி படங்களுக்கு மேலே பலகைகள் இரண்டு பக்கமிருந்தும் வந்து ஒரு கோட்டில் சேர்ந்திருந்தன. விபூதித் தட்டில் ஈரம்கூட இல்லை.

"ஒரு சொட்டு வரல. அன்னிக்கு நான் ஏன் சொன்னேன் பாருங்க. அந்தந்த வேலைய அந்தந்த ஆளு செஞ்சாத்தான் நிக்கும்" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

நான் அப்போதும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னியப்பன் தலைத்துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் எஸ்தரை ஒருநாளும் பாராட்டி நான் கேட்டதில்லை.

"ஐயா, நான் ஆணி அடிச்சதோட சரி. ஒங்க சாமி தலைக்கு மேல கீற பலகை மொத்தமும் அந்தம்மா அறுத்தது, பாதி அந்தம்மா வச்சது. வேணாம்னா சொல்லுங்க, பிரிச்சிக்கினு போயிடுறோம்."

பிரிக்கச் சொல்ல யாருக்கு மனசு வரும்? அவர் காலண்டர் பக்கம் திரும்பி, இன்றைக்கு என்ன திதி என்று பார்த்தார். தம்பி வீட்டு வேலை எங்களுக்கு வரவில்லை.

பொட்டலம்

தையல் வேலை முடிந்து எஸ்தர் திரும்பி வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. எப்போதும் போல ஆறு நாள் வேலை செய்தாள், கன்னியப்பனோடு சண்டையும் போட்டாள். ஏழாம் நாள் காலையில் ஒரு துணிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தாள். உள்ளே எனக்கு ஒரு ரவிக்கை இருந்தது. அளவுக்குத் துணி கொடுத்ததே இல்லை, கண்ணாலேயே அளந்திருக்கிறாள். வேறு இடத்தில் கூப்பிடுகிறார்கள், போகிறேன் என்றாள்.

அன்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். படித்தவள் இல்லையா, வாக்கியம் நீளமாகத்தான் தொடங்கியது. "அந்த நேரத்துல எனக்கு..." என்று நான் ஆரம்பித்ததும் அவள் கையமர்த்தினாள்.

"வுடுங்கம்மா. கூரை தொறந்துதான கெடந்துச்சி, நீங்க பேசனது மேல எனக்குக் கேட்டுச்சி. எறங்குன்னு நீங்க சொன்னதுகூட பரவால்ல. அந்தாளு யாருன்னு கேட்டப்போ, ஊரச் சொன்னீங்க, தெருவச் சொன்னீங்க. தச்சருன்னு ஒரு வார்த்த சொல்லலியே."

எஸ்தர் இப்போது வாலாஜாபாத் பக்கம் வேறொரு மேஸ்திரியிடம் கூரைத் தச்சராக இருக்கிறாள். என்னிடம் எட்டு வருஷம் இருந்தபோது, தமிழ் படித்த நான் அவளுக்கு வைத்திருந்த பேர் சித்தாள்.