முதல் நடையில் போன சாமான்கள்

என் கணவர் அந்தக் காரின் மேல் வைத்திருந்த பிரியத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். கழுவுவார், துடைப்பார், வெயில் படாமல் சாக்குப் போட்டு மூடுவார். எனக்குக் கல்யாணமான வருஷம் வாங்கிய பழைய வண்டி. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அது ஒன்றுதான் கார் என்பதால், அதைப் பார்த்துத் தெருநாய் குரைத்தால்கூட மாமியார் பூரித்துப் போவார்.

அறுபதுகளில் ஓர் ஐப்பசி மழையில், பெண்ணையாறு கரையை உடைக்கப் போகிறது, எல்லாரும் வெளியேறுங்கள் என்று தமுக்கடித்துச் சொன்னார்கள். வீட்டில் இருந்தது அவர், மாமியார், நான், இன்னும் தவழக்கூட ஆரம்பிக்காத என் மகள். விழுப்புரத்தில் மாமியாரின் தம்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவாயிற்று. வண்டியில் எங்களுக்குத் தாராளமாக இடம் இருந்தது, சாமான் ஏற்ற ஆரம்பிக்கும் வரை.

முதலில் டிரங்குப் பெட்டிகள். பிறகு வெள்ளிச் சாமான், பட்டுப்புடவைகள், சுவர்க்கடிகாரம். ஊறுகாய் ஜாடிகள் சாயாமல் இருக்க என் மகளின் தூளிச்சேலையைச் சுற்றி முட்டுக் கொடுத்தார்கள். ஒரு மூட்டை வேர்க்கடலைகூட ஏறியது, விழுப்புரத்தில் மல்லாட்டைக்குப் பஞ்சம் வந்துவிட்டதைப் போல. ரேடியோவுக்குப் பின்சீட்டில் மெத்தை விரித்து இடம் செய்தார் என் கணவர். எங்கள் கல்யாணப் போட்டோவையும் கண்ணாடி உடையாமல் துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டார். அதில் நானும் இருந்தேன் என்பதால், வண்டியில் எனக்கு இடமே கொடுக்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

என் அப்பா சீர் கொடுத்த பித்தளை அண்டா மட்டும் எந்தக் கதவிலும் நுழையவில்லை. "ஒங்கப்பன் குடுத்தது வண்டியிலயும் ஏறாது, ஒண்ணுத்துக்கும் ஆவாது" என்று மாமியார் அதை உதைக்காத குறையாக ஒதுக்கித் தள்ளினார். பிறகு முன்சீட்டில் ஏறி நகைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

நான் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தேன்.

"மொதல் நடையில இத எறக்கிட்டு ஜல்தியா வந்துடுறேன். நீ ரெடியா இரு" என்றார் என் கணவர்.

"கொயந்தைய மொதல்ல கொண்டுபோய் வுடுங்களேன்."

"சாமான வுட்டுட்டுப் போனா எவனாவது தூக்கிக்கினு போயிடுவான். ஒங்களயா தூக்கிக்கினு போவப்போறான்?"

படித்த மனிதர். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

மத்தியானம் வாசலுக்குத் தண்ணீர் வந்தது. கார் வரவில்லை. கூடத்தில் முழங்கால் அளவு ஏறியபோதும் வரவில்லை. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் திட்டில் ஏறி நின்றேன். நான் போனாலும் போகிறேன், இவளை யார் கையிலாவது கொடுத்துவிட்டால் போதும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். கழனியில் எங்களுக்கு வேலை செய்தவர் ஒருவர், சேரியிலிருந்து தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்து மேட்டில் சேர்த்துவிட்டு, என் சத்தம் கேட்டு நீந்தி வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள வர்லாங்களாம்மா?"

இடுப்பளவு தண்ணீரில் நின்று கேட்டார். அவரை அப்படிக் கேட்கப் பழக்கி வைத்திருந்த வீடு அது. வெள்ளத்துக்குக்கூட இல்லாத கட்டுப்பாடு அவருக்கு.

நான் சமையலறையில் கொண்டுபோய்ப் போட்டிருந்த அண்டா மிதந்துகொண்டிருந்தது; அதை அவர்தான் இழுத்து வந்தார். அதற்குள் புடவையை மடித்துப் போட்டு மகளைப் படுக்க வைத்தேன். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான். தண்ணீர் என் கழுத்துக்கு வந்த இடத்திலும் அவள் ஒரு சொட்டு நனையாமல் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

தண்ணீர் வடிந்ததும் பஸ் பிடித்து விழுப்புரம் போனேன். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. என் கணவர் எழுந்து வந்து, "ரோட்டுல தண்ணி ஏறிடுச்சின்னாங்க. வண்டி பேஜாராயிடும்னுதான்..." என்று இழுத்தார். ஏறிவிட்டதாகச் சொன்னார்களாம். இவர் போய்ப் பார்க்கவில்லை.

மாமியார் என் கையைப் பார்த்தார். "அண்டா எங்க?"

"எங்கள இட்டுக்கினு வந்தவருக்குக் குடுத்துட்டேன்."

"யாரக் கேட்டுக் குடுத்த?"

"யாரக் கேக்கணும் அத்தை? வேணாம்னு நீங்க வுட்டுட்டுப் போனதுதான அது? எங்களையுந்தான் வுட்டுட்டுப் போனீங்க."

அவர்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல், திண்டிவனத்தில் என் அப்பா வீட்டுக்கு அடுத்த பஸ் ஏறினேன்.

பொங்கல் கழித்து அழைத்துப் போக வந்தார். காரைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். அப்பா கெஞ்சினார், அம்மா அழுதாள், போனேன். என் கணவர் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் பின்கதவைத் திறந்து, மகளோடு ரேடியோ இருந்த இடத்தில் உட்கார்ந்தேன். அந்தக் காரை விற்கும் வரை அங்கேதான் உட்கார்ந்தேன். ஏன் என்று அவரும் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.