கழுகு கொத்திய கூடு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அண்ணனும் நானும் ஒரே விஷயத்துக்குத்தான் ஓயாமல் சண்டை போட்டோம். அம்மாவின் போனில் நாங்கள் பார்த்த அனிமேயில் இரண்டு வீரர்கள். ஒருவன் ஒரே குத்தில் மலையை உடைப்பான். மற்றவன் நோஞ்சான், தந்திரத்தாலும் அதிர்ஷ்டத்தாலும் தப்பிக்கிறவன். அண்ணன் பலசாலியின் கட்சி. நான் நோஞ்சானின் கட்சி.

பள்ளி விடுமுறையில் ஒருநாள், தேயிலை மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனோம். வழியெல்லாம் அதே வாக்குவாதம்.

"மலையவே ஒடைக்கிறவனுக்குப் புத்தி எதுக்குடி?" என்றான் அண்ணன்.

மேலே சவுக்கு மரத்தில் ஒரு குளவிக்கூடு தொங்கியது. என் தந்திரத்தைக் காட்ட இதுதான் சமயமென்று பட்டது.

"மலைய விடு. அந்தக் கூட்ட ஒரே கல்லுல விழுத்து, பாப்போம்."

உசுப்பேற்றினால் அவன் எதையும் செய்வான். எறிந்தான். கூடு விழவில்லை, பாதி பிய்ந்து தொங்கியது.

"குளவி!" என்று யாரோ அலறினார்கள். கூடைகளைப் போட்டுவிட்டு எல்லாரும் கீழே ஓடினார்கள். அம்மா மட்டும் எங்களை நோக்கி மேலே ஓடிவந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து எங்கள் தலைமேல் போட்டு, தேயிலைக்கு நடுவே தண்ணி ஓட வெட்டியிருந்த கானுக்குள் தள்ளி, எங்கள்மேல் கவிழ்ந்து படுத்தாள்.

"அசையாதீங்க."

இரைச்சல் நெருங்கியது. அம்மாவின் உடம்பு வெடுக் வெடுக்கென்று துள்ளியது. அம்மா செத்துப்போவாள் என்று நினைத்தேன். அழக்கூடப் பயமாக இருந்தது.

எல்லாம் அடங்கியபின் கங்காணி ஐயா ஓடிவந்தார். "யாரு கூட்டக் கலைச்சது?"

அம்மாவின் கண்கள் வீங்கி மூடியிருந்தன. உதடும் தடித்திருந்தது. "கழுகு கொத்திருச்சுங்க" என்றாள். கழுகு கூட்டைக் கலைப்பது அங்கே வழக்கம்தான். அவர் நம்பினார். அம்மாவை லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பும்வரை எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அம்மா பிழைத்து வந்தாள். எங்களுக்கு உயிர் வந்தது. கல்லெறிந்ததை அம்மா பார்க்கவில்லை, எல்லாம் அதிர்ஷ்டம் என்று அண்ணனின் காதில் சொன்னேன். முதல்முறையாக அவனும் என் கட்சிக்கு வந்தான்.

மறுநாள் காலை அம்மா எனக்குச் சடை பின்னினாள். வழக்கத்தைவிட இறுக்கி இழுத்தாள். கை வீக்கம் வற்றாததால் அப்படி இழுக்கிறாள் என்று பொறுத்துக்கொண்டேன்.

"அந்தக் கழுகு இனியும் கல்லெடுக்குமா பாப்பா?"

"கழுகு கல்லெடுக்காதும்மா. கொத்தத்தான் செய்யும்."

அம்மா ரிப்பனைக் கட்டினாள். இத்தனை வருடம் மலையில் வேலை செய்யும் அம்மாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது.