பானைக்கு எட்டாத பாடம்

வாத்தியார் உத்தியோகத்தில் ஒரு சௌகரியம், நாம் செய்யாததையெல்லாம் பிள்ளைகளுக்குப் போதிக்கலாம். சாக்பீஸ் தூள் தின்ற சக வாத்தியார்களே, உங்களுக்குத் தெரியாததா? அறுபதுகளில் குன்னத்தூர்ப் பக்கம் அஞ்சாம் வகுப்பில் நான் பட்ட பாடு இது.

எங்கள் பானை

சாதிக் கொடுமையை எதிர்த்து நின்ற ஒரு தலைவரின் வாழ்க்கை பாடமாக வந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடப் பானையை அவர் தொடக்கூடாது, யாராவது ஊற்றினால்தான் தண்ணீர் என்று உருக்கமாகவே நடத்தினேன்.

வகுப்பு மூலையில் எங்கள் பானையும் இருந்தது. ஊருக்குக் கிழக்கே ஒதுக்கி வைத்திருந்த வளவிலிருந்து வந்த ஒரே பிள்ளை மாராள். அவளுக்கும் யாராவது மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவார்கள், இரண்டு கையையும் குவித்துக் குடிப்பாள். அதுவரை அது என் கண்ணை உறுத்தியதே இல்லை. மாராள் எழுந்து கேட்டாள்:

"ஏனுங்க சார், அந்தப் பானையும் நம்ம பானையாட்டந்தானுங்களா?"

அனுமதி

அன்றைக்கே தலைமையாசிரியரிடம் போனேன். மாராள் தானே மொண்டு குடிக்கட்டும், இல்லாவிட்டால் இந்தப் பாடத்தை எந்த முகத்தோடு நடத்துவது என்றேன். நல்ல மனுசர்தான். ஊர்க்காரர்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது, ஒளிப்பானேன்.

"ஆண்டுவிழா முடியட்டுங்க. அதுவரைக்கும் பாடத்தைப் பாடமா மட்டும் நடத்துங்க."

வேஷம்

விழாவுக்கு அதே தலைவரின் கதையை நாடகமாகப் போட்டோம். மாராளுக்கு வசனம் முழுக்கத் தலைகீழ்ப் பாடம். பானையைத்தான் கொடுக்க முடியவில்லை, தலைவர் வேஷமாவது உனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்த உள்ளூர்ப் பெரியவர் நடிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் புதுப் பனியன் கொண்டுவந்தார். கூடவே மகனையும் கொண்டுவந்து நிறுத்தினார். தண்ணிக்குத் தவிக்கிற பிள்ளை வேஷமுங்க என்று இழுத்துப் பார்த்தேன். நடக்கவில்லை. மாராளைத் திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுக்க நிறுத்திவிட்டேன்.

"இருக்கட்டுங்க வாத்தியாரே, தலைவர்னா எம்பையன்தானுங்களே போடோணும்?"

தண்ணீர்

பையன் பாதி வசனத்தை மறந்தான். வரிக்கு வரி மாராள்தான் பின்னாலிருந்து சொன்னாள். மேடையில் அவன் தாகமென்று கையேந்தியபோது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டேன்.

திரை விழுந்தது. தொண்டை காய்ந்து மாராள் பானையருகே வந்து, வழக்கம்போலக் கையைக் குவித்து நின்றாள். பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். நீயே மொண்டு குடி கண்ணு என்று ஒரு வார்த்தை போதும். என் கை தானாகச் சொம்பை எடுத்தது, உயரத் தூக்கி ஊற்றியது. அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

"சார், கொஞ்சம் தாழ்த்தி ஊத்துங்க, பாவாடை நனையுதுங்க."

பதிவேடு

அரைப்பரீட்சை லீவு முடிந்து பள்ளி திறந்தபோது மாராள் வரவில்லை. அவள் அம்மாவோடு திருப்பூருக்கு, பனியன் கம்பெனியில் வேஸ்ட் துணி பிரிக்கப் போவதாகச் சொன்னார்கள். வளவுக்கே போய் ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்த்தேன். ஆண்டுவிழாதான் முடிந்துவிட்டதே, தலைமையாசிரியரிடம் மறுபடி பேசுகிறேன், படிக்க வா என்று கெஞ்சாத குறை. அவள் கோபப்படவில்லை.

"அங்க கொழாய் இருக்குதுங்க சார், நானே தொறந்து குடிச்சுக்குவனுங்க."

அந்தப் பாடத்தில் என் வகுப்பு முழுக்கப் பாஸ், புரிந்துகொண்ட ஒருத்தியின் பெயரைத்தான் பதிவேட்டிலிருந்து நானே அடித்தேன்.